உப்பு காய்வதில்லை

2024 டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. அந்த வெள்ளம் திருவண்ணாமலையையும் விழுப்புரத்தையும் புரட்டிவிட்டுக் கடலூருக்கு வந்தபோது ஆல்பேட்டை, நாணமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா என ஆற்றை ஒட்டிய ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர். கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து நின்றபோது பெய்த மழையில் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் தேங்கியது.

தண்ணீர் வடிந்த மறுநாள் இந்த ஊர்களின் மொட்டைமாடிகளில் தலையணை, பாடப்புத்தகம், ரேஷன் அட்டை ஆகியவற்றோடு சி.பி.யு., கீபோர்டு, மோடம், யு.பி.எஸ். எல்லாம் வெயிலுக்கு வந்துவிடும். இரண்டு நாள் காய்ந்ததும் பிளக்கில் சொருகிப் பார்ப்பார்கள். பல நேரம் ஓடவும் செய்யும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பத்துப் பதினைந்து நாள் கழித்து, மழையே இல்லாத ஒரு மாலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனால் பையன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி: "அக்கா, நனைஞ்ச பிறகு ஆன் பண்ணீங்களா?" அக்காவுக்குக் கேள்வியே புரியாது. "நல்லா காயவச்சுத்தான் தம்பி போட்டோம். நேத்து வரைக்கும் ஓடிச்சே."

அவர் காயவைத்தது உண்மை. நேற்றுவரை ஓடியதும் உண்மை. தண்ணீர் போன பிறகும் அந்தக் கணினியின் போர்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கப் பார்க்கப் போகிறோம். அது புரிந்தால் எதைக் கழுவலாம், எதைத் தொடக் கூடாது, வாரன்டி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும் என்பதெல்லாம் தானாகவே தெளியும்.

முதலில் தண்ணீர் மீதுள்ள பழியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதில் படு மோசம். அயனிகள் நீக்கிய தூய நீரின் கடத்துதிறன் 25 டிகிரி செல்சியஸில் ஒரு சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். கடல்நீருக்கு இது ஏறத்தாழ 50,000. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 10 லட்சம் மடங்கு வித்தியாசம். மின்னணுத் தொழிற்சாலைகளில் பற்றவைப்பு முடிந்ததும் பல வகைப் போர்டுகளைத் தூய நீரால் பீய்ச்சிக் கழுவி, சூட்டுக்காற்றில் உலர்த்தித்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் மேசையில் இருக்கும் மதர்போர்டு பிறந்த அன்றே குளித்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. காரணங்கள் இரண்டு: அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை, அப்போது போர்டில் மின்னழுத்தமும் இல்லை.

உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் செய்யக்கூடிய, ஆபத்தில்லாத சோதனைதான். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் டேப்பால் ஒட்டுங்கள். மதர்போர்டில் இருக்குமே, சி.ஆர்.2032 என்ற வட்டமான 3 வோல்ட் செல், அதன் இரு பக்கங்களிலும் கம்பிகளின் மறுமுனைகளை இணையுங்கள். இடைவெளியின் மேல் குழாய்த் தண்ணீர் ஒரு துளி வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். எதிர்முனைக் கம்பியின் ஓரத்தில் மணல் மணலாகக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன். நேர்முனைக் கம்பியின் பளபளப்பு மங்கி, அதைச் சுற்றி லேசான நீலப்பச்சைப் புகை படரும். செம்பு அயனிகளாகக் கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கொஞ்ச நேரத்தில் எதிர்முனையிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கிளை முளைக்கும். அதிலிருந்து இன்னொரு கிளை, அதிலிருந்து இன்னொன்று. கரைந்துபோன செம்பு எதிர்முனையில் வந்து படிந்து, நேர்முனையை நோக்கி வளர்ந்துகொண்டே வரும். இரண்டும் தொட்டுக்கொண்ட கணத்தில் நடுவில் இல்லாத ஒரு கம்பி உருவாகிவிட்டது. ஷார்ட்.

இந்தச் சோதனையை ஆராய்ச்சிக்கூடங்களிலும் செய்கிறார்கள். நீர்த்துளிச் சோதனை என்றே அதற்குப் பெயர். இங்கே நம் கம்பிகளுக்கு இடையில் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டோம். இன்றைய லேப்டாப் போர்டில் அடுத்தடுத்த முனைகளுக்கு இடையில் அதில் நான்கில் ஒரு பங்குகூடப் பல இடங்களில் இருக்காது. முளைக்கும் கிளை மிக மெல்லியது என்பதால், மின்சாரம் பாய்ந்ததும் சில சமயம் தானே எரிந்து அறுந்துவிடும். பிறகு மீண்டும் வளரும். "சில நேரம் ஆன் ஆகுது, சில நேரம் ஆகலை" என்று கடையில் போய்ச் சொல்கிறோமே, அந்தக் குணத்துக்கு இப்படி ஓர் உடலியல் உண்டு.

"நாங்கள்தான் ஆஃப் பண்ணிட்டோமே" என்று கேட்கலாம். கணினி எப்போதும் முழுக்க அணைவதில்லை. தண்ணீரைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட். நேரத்தைக் கணக்கு வைக்கும் அந்த வட்டச் செல் 3 வோல்ட்டை இரவும் பகலும் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்காத டெஸ்க்டாப்பில், பொத்தானை அமுக்கி அணைத்த பிறகும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும். பல லேப்டாப்புகளில் பேட்டரி வரி 11 வோல்ட்டுக்கும் மேல். திரை விளக்குக்குப் போகும் வரியில் அதைவிடவும் அதிகம். நனைந்த லேப்டாப்பில் முதலில் கருகுவது பெரும்பாலும் அந்தத் திரைக் கனெக்டர்தான் என்று சிப் லெவல் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, சி.பி.யு. நனைந்தால் பிளக்கை அடுத்து கழற்ற வேண்டியது, எட்டணா அளவில் இருக்கும் அந்தச் செல்லை.

இனி உப்பு. ஆற்று வெள்ளம் எல்லாம் உப்பு வெள்ளம் இல்லை என்று சொல்லலாம், ஓரளவு சரி. சிதம்பரம் நகருக்குள் தேங்குவது மழைநீர், அதில் கலந்தது சாக்கடை. நாணமேட்டில் வந்தது தென்பெண்ணையின் வண்டல் நீர். ஆனால் உப்பனாற்றின் ஓரம் இருக்கும் கடலூர் முதுநகரிலும், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கமும் வெள்ளம் கடல் ஏற்றத்தோடு மோதித் திரும்பி வரும்போது நிலைமை வேறு. சிதம்பரத்தின் தலமரமான தில்லையே உவர்நிலத்துச் சதுப்பு மரம்தான். இன்று அதைக் காணப் பிச்சாவரம் போக வேண்டும். அந்த மரம் தழைக்கும் தண்ணீர் நம் கீபோர்டுக்கு எமன்.

எவ்வளவு உப்பு எமன்? இதற்குத் தொழிற்சாலைகளில் ஒரு பழைய அளவுகோல் நீண்ட காலம் புழங்கியது. கழுவி முடித்த போர்டின் ஒரு சதுர சென்டிமீட்டரில், சோடியம் குளோரைடு கணக்கில் 1.56 மைக்ரோகிராமுக்கு மேல் அயனி அழுக்கு இருக்கக் கூடாது. இப்போது ஒரு துளி கடல்நீரை எடுத்துக்கொள்வோம். துளி சுமார் 0.05 மில்லிலிட்டர், கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஆக ஒரு துளியில் 1.75 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 1,100 சதுர சென்டிமீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட அழுக்கு முழுவதும் அந்த ஒற்றைத் துளியில் அடங்கிவிடுகிறது. லேப்டாப் மதர்போர்டின் இரு பக்கங்களையும் சேர்த்தாலும் பொதுவாக அவ்வளவு பரப்பு வராது. ஒரே ஒரு துளி!

மொட்டைமாடி வெயில் இந்தத் துளியிலிருந்து தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். 1.75 மில்லிகிராமும் அங்கேயே இருக்கும். அது காய்ந்த உப்பாகவே இருந்தாலாவது பரவாயில்லை. காய்ந்த உப்புப் படிகம் மின்சாரத்தைக் கடத்தாது. ஐப்பசி கார்த்திகையில் சமையலறை உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, போர்டின் மேல் படிந்த உப்பும் அப்படியே கசியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரப் பொருள். அதற்கு 33 சதவீதமே போதும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடலூர்க் கரையோரக் காற்று பெரும்பாலான நேரம் 75-க்கு மேல்தான். நாம் காயவைத்துவிட்டோம் என்று நினைக்கும் போர்டு ஒவ்வொரு இரவும் மறுபடி நனைகிறது. ஒவ்வொரு நாளும் நாம் அதற்கு மின்சாரம் கொடுக்கிறோம். நீர்த்துளிச் சோதனை நிதானமாக, பெட்டிக்குள், யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அக்காவின் கணினி பதினைந்து நாள் கழித்து நின்றதற்குக் காரணம் இதுதான்.

இதே கதை பெரிய அளவில் நடந்தது அமெரிக்காவில். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நெவார்க் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்த ஃபிஸ்கர் கர்மா ரகக் கலப்பின கார்கள் 16 எரிந்துபோயின. எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது பெரிய லித்தியம் பேட்டரியை. நிறுவனம் ஆராய்ந்து சொன்ன காரணம் வேறு. கடல்நீரில் பல மணி நேரம் மூழ்கிக் கிடந்த ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தங்கிய உப்பு அரிப்பை உண்டாக்கியது. சாதாரண 12 வோல்ட் பேட்டரி அதற்குள் மின்சாரத்தை அனுப்ப, ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது. மற்ற கார்களுக்கு அதைப் பரப்பியது புயல் காற்று.

அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு. மின்சாரத்தை உடனே நிறுத்து; உப்பைக் கழுவு; பிறகு காயவை. நாம் நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறோம். ஏற்கெனவே தண்ணீரில் நனைந்து கெட்ட பொருளை மறுபடி தண்ணீரில் கழுவுவதா என்று மனம் ஒப்பாது. ஒப்ப வேண்டும். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் பாங்காக்கை அடுத்த பாங் பா இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலை மூழ்கியது. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை எகிறியது நினைவிருக்கலாம். தண்ணீர் வடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. முக்குளிப்பவர்களை இறக்கி இயந்திரங்களை வெளியே எடுத்து, கழுவிச் சுத்தம் செய்து, நவம்பர் முடிவதற்குள் உற்பத்தியின் ஒரு பகுதியைத் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊரில் இதற்குச் சிறந்த தண்ணீர் எது? இன்வெர்ட்டருக்கு ஊற்ற பேட்டரிக் கடையில் கேனில் விற்கிறார்களே, அந்தப் பேட்டரி தண்ணீர். தாது நீக்கிய நீர் என்பதுதான் அதன் தகுதி. கேட்டு வாங்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் கேனில்தான் இருக்கும். முதலில் சேற்றைப் போக்க சாதாரண நல்ல தண்ணீர், மெத்தென்ற பிரஷ். அடுத்து பேட்டரி தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசல். கடைசியாக 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்பார்கள். சிப்புகளுக்கு அடியில் முடி அளவு சந்துகளில் ஏறி நிற்கும் தண்ணீரை அது தன்னோடு கலந்து வெளியேற்றி, தானும் ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சமையலறைப் பக்கம் இந்த வேலை வேண்டாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் கை கழுவும் சானிடைசரும் இதற்கு மாற்றாகா; அவற்றில் தண்ணீரும் வேறு சரக்குகளும் உண்டு. சில கடைகளில் தின்னர் ஊற்றி டூத் பிரஷால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், உப்பை அசைக்காது. உப்பு தண்ணீரில்தான் கரையும்.

கழுவிய போர்டை ஃபேன் காற்றில் இரண்டு நாள் வைத்தால் போதும். அரிசி மூட்டைக்குள் புதைக்க வேண்டாம். அரிசியிலேயே 13, 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் கூடும். மாவுத்தூள் சந்துகளில் போய் அடையும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வழிகாட்டியில் ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று எழுதியது. எல்லாவற்றையும்விட, அரிசியால் உப்பை எடுக்கவே முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் சுபாவம் வேறு. மவுஸ், பென் டிரைவ், எஸ்.எஸ்.டி., ராம் ஆகியவை நன்றாகக் கழுவினால் பிழைப்பவை. ரூட்டர் கேபிள்காரர் கொடுத்ததென்றால் நீங்களாகப் பிரிக்காமல் முதலில் அவரைக் கேளுங்கள். அது அவருடைய பொருளாகவே இருக்கலாம். மானிட்டரின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு இடையில் புகுந்த தண்ணீர் கறையாகத் தங்கிவிடும். அதில் பணம் போடுவது வீண் என்பது என் கருத்து.

கீபோர்டுதான் சுவாரசியமானது. சாதாரண கீபோர்டின் வயிற்றுக்குள் மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்பாதைகள் அச்சிடப்பட்டிருக்கும்; நடுத்தாளில் ஓட்டைகள். விசையை அமுக்கினால் ஓட்டை வழியாக மேலும் கீழும் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் பாதைகள் பல கீபோர்டுகளில் வெள்ளி மையால் ஆனவை. மின்னழுத்தத்தில் கரைந்து இடம்பெயர்வதில் வெள்ளிக்கு இணையான உலோகம் கிடையாது, செம்பைவிட வேகம். எனவே நனைந்த கீபோர்டை யு.எஸ்.பி.யில் சொருகிப் பார்ப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. கழற்றி, மூன்று தாள்களையும் தேய்க்காமல் அலசி, நிழலில் உலர்த்தி மீண்டும் கோத்தால் பெரும்பாலும் ஓடும். டீ கொட்டியது என்றாலும் இதே வைத்தியம்தான். பாலும் சர்க்கரையும் காய்ந்த பிறகு விசை ஒட்டிக்கொள்வதைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தீர்க்காது. வீட்டில் ஒரு மலிவான கீபோர்டுக்கு இத்தனை பாடு தேவையா என்றால், தேவையில்லைதான். முப்பது கீபோர்டு வைத்திருக்கும் பள்ளி ஆய்வகத்துக்கு இது ஒரு சனிக்கிழமை வேலை, கணிசமான சேமிப்பு.

கழுவவே கூடாதவையும் உண்டு. யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது. வெளியே 230 வோல்ட் கொடுக்கும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே தொடாதீர்கள். சி.பி.யு.வின் பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் ஏறி நிற்கும். பிளக் எடுத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை. மூழ்கிய லேப்டாப் பேட்டரியைச் சார்ஜ் போடாமல், கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டுக்கு வெளியே எரியாத இடத்தில் வையுங்கள். பேட்டரி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது வாரன்டிக்கு வருவோம். நிறுவனம் தரும் சாதாரண வாரன்டி, தயாரிப்பில் வந்த குறைக்கு மட்டுமே. திரவத்தால் வந்த சேதம் அதில் சேராது என்று ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க உள்ளே சின்னஞ்சிறு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். "ஸ்டிக்கர் சிவந்திருக்கு சார், வாரன்டி வராது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஸ்டிக்கர் சிவக்கவில்லை என்றாலும் போர்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதே பதில்தான்.

அதற்காக, நனைந்ததை மறைத்து "திடீர்னு நின்னுபோச்சு" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் அறிவியலும் இருக்கிறது. தண்ணீர் என்று தெரிந்தால் திறந்து பார்ப்பார்கள். தெரியாவிட்டால் முதலில் ஆன் செய்து பார்ப்பார்கள். பிழைக்க வேண்டிய போர்டு அந்த ஒரு ஆனில் போய்விடலாம்.

"தண்ணீர் புகாது" என்று விளம்பரம் செய்த பொருளுக்குமா இதே கதி? ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஐ.பி.68-க்கு ஆழத்தையும் நேரத்தையும் நிறுவனமே சொல்லும். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. நீர்த் தாங்குதிறனைப் பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, திரவச் சேதத்துக்கு வாரன்டி இல்லை என்றது முக்கியக் குற்றச்சாட்டு. 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காரணம், நீச்சல்குளத்திலும் கடலிலும் கேலக்ஸி போனைக் காட்டிய விளம்பரங்கள். அத்தகைய நீரில் நனைந்த போனை ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜிங் துளை அரித்துப்போக வாய்ப்புண்டு என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. உப்பு, ஈரம், மின்னழுத்தம் என்ற அதே மூவர் கூட்டணி.

நம் ஊர் வாங்குபவருக்கு உள்ள வழிகள் என்ன? விபத்துச் சேதப் பாதுகாப்பு என்று தனிக் கட்டணத்தில் விற்கும் கூடுதல் திட்டம் ஒன்று. டீ கொட்டியது, கீழே விழுந்தது போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் பல திட்டங்கள் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தை ஒதுக்கிவைக்கின்றன. கடலூரில் இருப்பவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வெள்ளத்துக்கென்று உண்மையில் இருப்பது வீட்டுக் காப்பீடு. 2021 ஏப்ரலில் இருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே பாதுகாப்பு உண்டு. பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கிறது. சேதமான பொருளைக் கழுவுவதற்கு முன் தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ, சீரியல் நம்பர், பில் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.

தண்ணீரே படாத பொருளைத் திரவச் சேதம் என்று தட்டிக்கழித்தால் அது வேறு வழக்கு. ஜாப் ஷீட்டில் அவர்கள் சொல்லும் காரணத்தை எழுதி வாங்குங்கள். திறந்த நிலையில் போட்டோ கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, பொருளில் உள்ள குறையைச் சோதனை செய்தால்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இது பலருக்குத் தெரியாத நல்ல வசதி.

கஷ்டமான முடிவு இன்னொன்று. நனைந்த லேப்டாப்பை வாரன்டிக் காலத்தில் வெளிக்கடையில் திறந்தால் மிச்சமுள்ள வாரன்டியும் போகலாம். திறக்காமல் நிறுவனத்துக்கு அனுப்பினால், சிதம்பரத்திலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பார்சல் போய், முறை வந்து, எஸ்டிமேட் வர நாள்கள் ஆகும். பெரும்பாலும் முழுப் போர்டையும் மாற்றச் சொல்வார்கள். அந்த விலைக்குச் சற்றுக் கூடப் போட்டால் புதியதே வாங்கிவிடலாம். அத்தனை நாளும் உப்பு சும்மா இருக்காது. உப்பு நீரிலோ சாக்கடை நீரிலோ முழுக்க மூழ்கியது என்றால் வாரன்டி ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்டது என்று எண்ணி, போட்டோ எடுத்துவிட்டு, அன்றைக்கே நல்ல சிப் லெவல் கடையில் போர்டு வாஷ் கேட்பதே மேல் என்று நான் சொல்வேன். வெறும் நல்ல தண்ணீர் கொஞ்சம் சிந்தியது, கூடுதல் பாதுகாப்புத் திட்டமும் கையில் இருக்கிறது என்றால் திறக்காமல் நிறுவனத்திடமே போங்கள்.

எந்த வாரன்டியும், எந்தக் காப்பீடும் உள்ளே இருந்த கோப்புகளுக்குப் பொறுப்பேற்காது. மகள் கல்யாணப் படங்களும் ஆய்வேட்டின் பாதி அத்தியாயமும் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன என்றால், இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்ற வேண்டும்: அதைக் காயவைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கின் தலை, சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதந்து படிக்கிறது. தட்டில் வண்டலும் உப்பும் காய்ந்து ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் போட்டு, மின்சாரம் காட்டாமல், தகவல் மீட்கும் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் சிதறியபோது விழுந்த ஒரு 400 மெகாபைட் டிஸ்க் சுமார் ஆறு மாதம் கழித்து வற்றிய ஏரிப் படுகையில் கிடைத்தது. வெளியே கருகி, உள்ளே தூசி புகுந்திருந்தும் தட்டுகள் வளையவில்லை. அதைச் சுத்தம் செய்து, செனான் வாயு பற்றிய சோதனையின் தகவலில் 99 சதவீதத்தை மீட்டார்கள். அந்த ஆய்வு முடிவு 2008-இல் வெளியானது. வீட்டு டிஸ்க்குக்கு இந்த வேலை மலிவில்லை. கடையில் "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே" என்று கேட்டால், கோப்புகள் வேண்டுமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.